15,000 ரூபாய்க்குள்ள வீட்டுல பாட்டு கேக்க என்ன வாங்கலாம்? ஹோம் தியேட்டர்ல சூடுபட்டவன் கேக்கேன்

#1 மார்த்தாண்டத்து மருமகன்

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்கேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

புதுசா கட்டுன கான்கிரீட் வீடு. ஹால் 16க்கு 12 அடி. தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். மாமனார் எங்ககூடதான் இருக்காரு, அவருக்குப் பாட்டுன்னா சோறு வேண்டாம். மரப்பெட்டி நெறைய கேசட்டு வச்சிருக்காரு. பாதிக்கு மேல அவங்க ஊரு அம்மன் கொடையில அவரே டேப்ரெக்கார்டரை வச்சுப் பதிஞ்ச வில்லுப்பாட்டு.

போன வருசம் ஓணத் தள்ளுபடியில ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்குனேன். பெட்டியில 12,000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். கடையில பாஸை முழுசா ஏத்தி ஓடவிட்டாங்க, நெஞ்சே அதிர்ந்துச்சு. நம்பித் தூக்கிட்டு வந்தேன். ஒரு வாரத்துல வெறுத்துப்போச்சு. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும் தும்', குரல் எங்கயோ கெடக்கு. மாமா ஒருநாள் சொன்னாரு: "பாடுகவன் கெணத்துக்குள்ள கெடந்து பாடுகான், அடிக்கவன் மட்டும் கரையில நிக்கான்."

அந்த செட்டை மச்சினனுக்குக் கொடுத்தாச்சு. கையில 15,000 ரூபாய் இருக்கு. வாட்ஸ், ஓம்ஸ் ஒண்ணும் தெரியாது. சினிமா பாக்க வேண்டாம், பாட்டு மட்டும் போதும். என்ன வாங்கட்டும்?

#2 கோட்டாறு கிழவன்

மருமகனே, ஒம்ம மாமனார் காது நல்ல காது. அவரு சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல? நாப்பது வருசம் ரேடியோ செட்டும் ரிப்பேருமா ஓட்டுனவன், அதனால கொஞ்சம் நீட்டுவேன்.

ஒரு சின்ன காரியம் செய்யும். மச்சினன் வீட்டுக்குப் போகும்போது அந்த செட்டைத் திருப்பி, பின்னால ஒட்டியிருக்க சீட்டைப் பாரும். கரண்டு எத்தனை வாட்ஸ் இழுக்கும்னு போட்டிருக்கும். அதை இங்க வந்து எழுதும்.

#3 மார்த்தாண்டத்து மருமகன்

போன்லயே கேட்டுட்டேன் அண்ணாச்சி. 60 வாட்ஸ்னு போட்டிருக்காம்.

#4 கோட்டாறு கிழவன்

சுவத்துலேருந்து 60 இழுத்துட்டு ஸ்பீக்கருக்கு 12,000 கொடுக்குதுன்னா, அதை ஆம்ப்ளிஃபயரா விக்கப்படாது, முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடிக்குப் பதிலா நட்டு வைக்கணும். பிஎம்பிஓங்கிறது கண் சிமிட்டுற நேரத்துல எவ்வளவு பொங்கும்னு அவனவன் இஷ்டத்துக்குப் போடுற கணக்கு. அதுக்கு ஒரு பொது அளவுகோல் கெடையாது. நீரு பாக்க வேண்டியது ஆர்எம்எஸ். தொடர்ந்து கொடுக்க முடிஞ்ச சக்தி அதுதான்.

அந்த ஆர்எம்எஸ்ஸும் வீட்டுக்கு எவ்வளவு வேணும்? இங்கதான் எல்லாரும் தப்புக் கணக்கு போடுகாங்க. ஸ்பீக்கர் விவரத்துல சென்சிடிவிட்டின்னு ஒண்ணு இருக்கும், 86 டெசிபல், 88 டெசிபல்னு. ஒரே ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்னா எவ்வளவு சத்தம் கேக்கும்ங்கிறதுதான் அது. எதுக்க இருந்து மனுசன் சாதாரணமா பேசுறது 60 டெசிபல் பக்கம். அப்ப 88ங்கிறது ஒரு வாட்டுலயே காது நிறையற சத்தம். எட்டடி தள்ளி உக்காந்தா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒம்ம ஹால்ல சாயங்காலம் பாட்டு ஓடுறப்ப ஸ்பீக்கர் திங்கறது ரெண்டு மூணு வாட்ஸ்தான். மத்ததெல்லாம் திடீர்னு மேளம் எழும்பும்போது மூச்சு முட்டாம இருக்கதுக்கு.

வாட்ஸை ரெண்டு மடங்காக்குனா கூடுறது 3 டெசிபல். "ஏத்துனியா?"ன்னு பக்கத்துல இருக்கவன் கேப்பான், அந்த அளவுதான். 20 வாட்ஸுக்கும் 40 வாட்ஸுக்கும் நடுவுல ரெண்டாயிரம் மூவாயிரம் கூட கேட்டான்னா, அந்தத் துட்டை நல்ல ஸ்பீக்கர்ல போடும்.

கொடைக்கு நாங்க தென்னையில கட்டுற குழாய் ஸ்பீக்கர் இருக்குல்லா, அதுல இருக்கது 30 வாட்ஸ் யூனிட்டு. ஊரையே எழுப்பும். குழாய் அமைப்பு அப்படி, கொடுத்த வாட்ஸைச் சிந்தாம வெளிய தள்ளும். ஆனா அது குரலுக்கு மட்டுந்தான். வில்லுப்பாட்டுல குடத்தைத் தட்டுற அடி அதுல வரவே வராது, தகரத்துல தட்டுன மாதிரி இருக்கும்.

#5 தோவாளைக்காரன்

ஆரம்பிச்சுட்டாங்க. தம்பி, இங்க இருக்கவங்க பேச்சைக் கேட்டா 15,000 அம்பதாயிரமா ஆகும், பொறவு வீட்டுக்காரி கையால அடி வாங்குவிய. மூவாயிரத்துக்கு நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கு. சமையல் கட்டுக்கும் எடுத்துட்டுப் போலாம், மட்டுப்பாவுக்கும் எடுத்துட்டுப் போலாம். ஸ்டீரியோ, டெசிபல் எல்லாம் மனப்பிராந்தி. நான் காலையில மூணு மணிக்குப் பூக்கடைக்குப் போறவன், எனக்குப் பாட்டுன்னா பாட்டு, அவ்வளவுதான்.

#6 குளச்சல் அலை

தோவாளை அண்ணே, உங்க தேவைக்கு அது சரி. தம்பி கேட்டது அது இல்லையே. ஒரு பெரியவர் உக்காந்து கேக்கணும், குரல் முன்னால வரணும்.

நான் கோயில் பாடகர் குழுவுல கீபோர்டு வாசிக்கேன், வீட்டுல கொஞ்சம் ஒலிப்பதிவும் பண்ணுவேன். என் யோசனை: பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ரெண்டு பெட்டி, ஆம்ப் உள்ளேயே இருக்கும், தனியா எதுவும் வாங்க வேண்டாம். எடிஃபையர் ஆர்1280டி மாதிரி ஒண்ணு: 4 இஞ்ச் வூஃபர் (பாஸ் கொடுக்குற பெரிய கூம்பு), ரெண்டும் சேர்ந்து 42 வாட்ஸ் ஆர்எம்எஸ். பெட்டியிலயும் அதைத்தான் போட்டிருப்பாங்க, 12,000ன்னு இருக்காது. இல்லேன்னா பிரிசோனஸ் எரிஸ் 3.5. இது பதிவு பண்றவங்களுக்கானது, கிட்ட உக்காந்து கேக்கதுக்கு அருமை, 16 அடி ஹாலுக்கு கொஞ்சம் சிறுசு. தம்பிக்கு முதல்ல சொன்ன வகையே போதும்.

சின்ன வூஃபர்ல பாஸ் இருக்காதேன்னு பயம் வரும். இருக்கும், ஆனா அதுக்குன்னு ஒரு எல்லை உண்டு. 4 இஞ்ச் ஸ்பீக்கர் ஆழமான பாஸை விட்டுரும், பொய்யா ஒண்ணைப் போட்டு நிரப்பாது. உங்க பழைய செட்டு செஞ்சது அந்தப் பொய். ஒரே இடத்துல 'தும்'முனு வீங்க வச்சு, எல்லாப் பாட்டுக்கும் அதே 'தும்'மைக் கொடுக்கும். மிருதங்கத்தோட தொப்பியும் தவிலும் ஒரே மாதிரி கேட்டுச்சுன்னா அந்த ஸ்பீக்கரை வாங்கப்படாது.

எங்க மாதிரி கடற்கரைக்காரங்களுக்கு இன்னொண்ணு. உப்புக்காத்து ஸ்பீக்கரை விட இணைப்புகளைத்தான் முதல்ல தின்னும். எங்க வீட்டுல ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொண்டுபோற வயரோட ஆர்சிஏ பின் ஆறு மாசத்துல பச்சை பூத்துட்டு, ஒரு பக்கம் விட்டு விட்டு கேட்டுச்சு. ஸ்பீக்கர் போச்சுன்னே நெனைச்சேன். இப்ப மாசத்துக்கு ஒருதரம் உருவித் துடைச்சு மாட்டிருவேன், ராத்திரி துணி போட்டு மூடிருவேன். மார்த்தாண்டத்துல இவ்வளவு தொந்தரவு இருக்காது.

#7 ஷார்ஜா மக்கா

மக்கா, துட்டு செலவழிக்க முன்ன சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல ஏறிப் பாருங்க. நம்ம குமரி மாவட்டத்துல வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு உண்டா? எண்பது தொண்ணூறுகள்ல வந்தவன் பூரா சான்சுய், அகாய், நேஷனல்னு தலையில சுமந்துதான் வந்தான். அந்த ஸ்பீக்கர் பெட்டியில பலது இன்னைக்கு விக்கிற பிளாஸ்டிக்கை விட மேல.

ஆனா ஆசையில உடனே பிளக்கைச் சொருகிராதீங்க. பின்னால வோல்டேஜ் சுவிட்சு இருக்கான்னு பாருங்க. சவுதியில முன்ன 127 வோல்ட்டும் ஓடுனது. அங்கேருந்து வந்த செட்டு 110 பக்கமா வச்ச சுவிட்சோட அப்படியே பரண்ல தூங்கும். எங்க சித்தப்பா செட்டை நான் அப்படித்தான் 230ல போட்டேன். ஒரு 'ஙொய்', ஒரு புகை, சித்தி இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகா.

#8 கோட்டாறு கிழவன்

அதோட ரெண்டு சேத்துக்கிடும். வூஃபர் கூம்பைச் சுத்தி இருக்க விளிம்பு ஃபோமா ரப்பரான்னு பாரும். ரெண்டு மழையும் பெய்ற ஊரு நம்மது. இந்த ஈரத்துல ஃபோம் பத்துப் பதினஞ்சு வருசத்துல பொடியாப் போகும், விரல் பட்டாலே மாவா உதிரும். ரப்பர் விளிம்பு நிக்கும். ஃபோம் போனாலும் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், விளிம்பு மட்டும் மாத்தலாம், பொறுமை இருந்தா வீட்டுலயே ஒட்டலாம். ஆம்ப்ல வால்யூமைத் திருகுனா கரகரன்னா அது அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சா சரியாகும். துருவுக்கு அடிக்கிற எண்ணெயை அடிச்சு ஒருத்தன் கெடுத்துக் கொண்டுவந்தான், அதைச் சொன்னா பெரிய கதை.

பரண்ல ஸ்பீக்கர் மட்டும் நல்லா கிடைச்சு ஆம்ப் செத்திருந்தா, டிபிஏ3116 சிப் போட்ட சின்ன ஆம்ப் ஒண்ணு போதும். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். நாங்க 2என்3055 ட்ரான்சிஸ்டரும் செங்கல் கனத்துக்கு ட்ரான்ஸ்ஃபார்மரும் போட்டு எடுத்த சத்தத்தை இது சிரிச்சிட்டே கொடுக்கு. சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வயித்தெரிச்சல். ஆனா அடாப்டரைக் கவனிக்கணும். 24 வோல்ட்டுக்குப் பதிலா கையில கிடந்த 12 வோல்ட் அடாப்டரைப் போட்டா சக்தி பாதி ஆகாது, கால்வாசி ஆகும். "சிப்பு மோசம்"னு திட்டுகவன் முக்காவாசிப் பேரு அடாப்டர்ல கோட்டை விட்டவன்.

வயருக்குத் துட்டைக் கொட்டாதீங்க. வீட்டு வயரிங்குக்குப் போடுற 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஒரு ஹாலுக்கு தாராளம். ஒரு பக்கத்துக்கு ரெண்டு 4 ஓம்ஸ் (ஓம்ஸ்ங்கிறது மின்தடை அளவு) ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமா சேத்துக் கட்டி 2 ஓம்ஸ் ஆக்கிராதீங்க, ஆம்ப் கொதிச்சுப் போகும்.

ஐப்பசி இடிக்குப் பிளக்கை உருவிப் போடும். சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது.

#9 குலசேகரம் ஓட்டுவீடு

எல்லாரும் என்ன வாங்கன்னு சொல்லியாச்சு, எங்க வைக்கன்னு ஆரும் சொல்லலை. தம்பி, ஹால் நடுவுல நின்னு ஒரு கைதட்டு தட்டுங்க. 'டிர்ர்'ன்னு ஒரு நடுக்கம் பின்னாலேயே வந்தா உங்க வில்லன் அந்த டைல்ஸும் கண்ணாடியும். எங்க பழைய வீட்டுல ஓடு, மேல மரத் தட்டு, தார்சாவுல கோரைப்பாய். அங்க சாதா டேப்ரெக்கார்டர் பாடுனதே சுகமா இருந்துச்சு. அதே செட்டைப் புது கான்கிரீட் வீட்டுல வச்சேன், தகர டப்பாவுக்குள்ள தலையை விட்ட மாதிரி ஆச்சு.

செலவு பெருசா இல்லை. ஜன்னலுக்கு கனத்த திரை, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவுல ஜமுக்காளம், பின்சுவத்துல புத்தக அலமாரி இருந்தா இன்னும் நல்லது. முட்டை அட்டை ஒட்டாதீங்க, அதால ஒண்ணும் ஆகாது, கரப்பான்தான் வரும்.

ரெண்டு ஸ்பீக்கரும் ஆறடி இடைவெளியில, நீங்க அதே ஆறேழு அடி தள்ளி. மூணும் முக்கோணம். ட்வீட்டர், அதான் கூர்மையான சத்தம் கொடுக்குற சின்னக் கூம்பு, உக்காந்திருக்கவர் காது உயரத்துக்கு. மூலையில தள்ளி வச்சா பாஸ் வீங்கும், சுவத்தை விட்டு ஒரு முழமாவது முன்னால இழுங்க. டிவி ஷோகேஸ் உச்சியில ஏத்தி வச்சிட்டு "சத்தம் சரியில்லை"ன்னு மட்டும் இங்க எழுதிராதீங்க.

ஸ்டூல் அதிராம இருக்க நான் நம்ம ஊரு ரப்பர் ஷீட்டையே வெட்டி அடியில வச்சேன். சத்தம் தெளிஞ்சது உண்மை. மூணாம் நாள் நாத்தம் தாங்காம வீட்டுக்காரி ஸ்பீக்கரோட சேத்து வெளிய வச்சிட்டா.

#10 தோவாளைக்காரன்

சரி, ஒரு கேள்வி. நம்ம கேக்கதே போன்ல, யூட்யூபுல இறக்குன பாட்டு. அதுக்கு என்னத்துக்கு இவ்வளவு? பாட்டு ஃபைலே மோசம்னா ஸ்பீக்கர் என்ன செய்யும்?

#11 குளச்சல் அலை

நல்ல கேள்வி அண்ணே. ஒரே பாட்டை 128 கேபிபிஎஸ்ல (நொடிக்கு எவ்வளவு தகவல்ங்கிற அளவு) ஒண்ணு, 320ல ஒண்ணு எம்பி3 ஆக்கி, மறைச்சு வச்சு எங்க குழுவுல நாலு பேருக்குப் போட்டுக் காமிச்சேன். ஜால்ரா வர்ற இடத்துல ரெண்டு பேரு பிடிச்சாங்க, மத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியலை. 320க்கும் சிடிக்கும் வைக்கும்போது ஆருக்குமே தெரியலை, எனக்கும்தான். அப்புறம் ரெண்டு வேற வேற ஸ்பீக்கர்ல அதே பாட்டைப் போட்டேன், சமையல்கட்டுல நின்ன அம்மாவே "இது எது?"ன்னு வந்து பாத்தாங்க. அதனால ஃபைல், ப்ளூடூத் கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்புற முறை), தங்க முலாம் வயர் எல்லாம் கடைசிக் கவலை. ஸ்பீக்கரும் அதை வைக்கிற இடமும்தான் முதல். சிடியை விட நுணுக்கம்னு விக்கிற ஹை-ரெஸ் பாட்டுக்குன்னு மாசம் துட்டு கட்டாதீங்கன்னு நீங்க சொன்னா நான் உங்க கட்சி.

எஃப்எம் ரேடியோவே 15,000 ஹெர்ட்ஸோட நின்னுரும், அதுக்கு மேல உள்ள கீச்சு சத்தம் வராது. நம்ம நாகர்கோவில் நிலையம் 1984ல நாட்டோட முதல் உள்ளூர் வானொலியா வந்தது, அதைக் கேட்டு வளந்த காதுதான் நம்ம எல்லாருக்கும். ஆராவது குறைப்பட்டோமா?

#12 மார்த்தாண்டத்து மருமகன்

மூணு வாரம் கழிச்சு வாறேன், மன்னிக்கணும். பரண்ல ஏறிப் பாத்தேன், எலி தின்ன ஒரு பெட்டிதான் கிடைச்சது. குளச்சல் அக்கா சொன்ன 4 இஞ்ச் பவர்டு ஜோடியே வாங்கியாச்சு. திரை, ஜமுக்காளம், ரெண்டு மர ஸ்டூல் எல்லாம் சேர்ந்தும் 15,000த்துக்குள்ள நின்னுது.

ஆனா ஒரு சிக்கல். குரல் நடுவுல வரலை. ரெண்டு காதுக்கும் பின்னால எங்கயோ சுத்துது. பாஸ் சுத்தமா இல்லை. ஒரு ஸ்பீக்கரோட வயரை உருவுனா பாஸ் கூடுது! இது என்ன மாயம்? மாமா ஒண்ணும் சொல்லாம எழும்பிப் போயிட்டாரு.

#13 கோட்டாறு கிழவன்

மாயம் இல்லை மருமகனே. ஒரு பெட்டியிலேருந்து இன்னொண்ணுக்குப் போற வயரைப் பாரும். ஒரு முனையில சிவப்பும் கறுப்பும் மாறிக் கெடக்கும். ஒரு கூம்பு முன்னால தள்ளும்போது மத்தது பின்னால இழுக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுருது, முதல்ல போறது பாஸ்தான். மாத்திச் சொருகிட்டு, செய்தி வாசிக்கதைப் போட்டுக் கேளும். குரல் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல, ஒண்ணும் இல்லாத இடத்துலேருந்து வரணும்.

ஆம்ப் தனியா வச்சிருக்கவங்க, வயர்ல நிறம் தெரியலைன்னா 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் முனையில ஒரு நொடி தொட்டுப் பாருங்க. கூம்பு வெளிய தள்ளுனா பேட்டரியோட பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். நாப்பது வருசத்துல நானே இந்தத் தப்பை எத்தனை தடவை செஞ்சிருப்பேன். ஒரு கல்யாண வீட்டுல நாகஸ்வரம் ஊதுறவரு கண்ணு முன்னால இருக்காரு, சத்தம் பந்தலுக்கு வெளியேருந்து வருது.

#14 மார்த்தாண்டத்து மருமகன்

அதேதான் அண்ணாச்சி! மாத்துனேன். நடுவுல ஆளு உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. மகள் ஸ்பீக்கருக்கு நடுவுல போய் டிவிக்குப் பின்னால எட்டிப் பாத்தா.

நேத்து மாமாவோட டேப் டெக்கை ஸ்பீக்கர் பின்னால இருக்க ஆக்ஸ் ஓட்டையில மாட்டி வில்லுப்பாட்டு போட்டோம். 'தந்தனத்தோம்'னு எடுத்தாங்க. வில்லுமணி ஒரு பக்கம் சிதறுது, உடுக்கை தனியா, ஜால்ரா தனியா, குடத்துல அதைத் தட்டுற பத்தி விழுறப்ப வயித்துல தெரியுது. சின்ன வூஃபர்தான், இருந்தும் தெரியுது. மாமா கண்ணை மூடி உக்காந்துட்டாரு. ஆனா பத்து நிமிசத்துல பாடுறவரு குரல் தடிச்சு, இழுபட்டு, சுருதி இறங்கிப் போச்சு. கேசட்டு கெட்டுப்போச்சா?

#15 கோட்டாறு கிழவன்

கேசட்டு இல்லை, டெக்கு பெல்ட்டு. ரப்பர் நெகிழ்ந்து வேகம் குறையுது. கழட்டி ஒரு நூலால சுத்தளவு எடுத்துக்கிடும், பழைய பெல்ட்டு நீண்டிருக்கும், அதனால ஒரு சுத்து சின்னதா கேட்டு வாங்கும். பணம் கட்டுற ரப்பர் பேண்டு போட்டுராதீரும், பாட்டு தள்ளாடும். டேப் உரசிப் போற ஹெட்டைப் பஞ்சுல ஆல்கஹால் தொட்டுத் துடையும். அப்பவும் மங்கலாக் கேட்டா ஹெட்டு பக்கத்துல சின்ன ஸ்க்ரூ இருக்கும், பாட்டு ஓடும்போதே பைய ஒரு மயிரிழை திருகும், ஜால்ரா கூர்மையாகுற இடத்துல நிறுத்தும். சரியா வந்ததும் முதல் வேலையா போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஏத்தி வையும்.

அது எந்த ஊரு கொடை? எந்த வருசம்? அந்தக் காலத்துல தக்கலைக்கு மேக்க குழாய் கட்டுனதுல பாதி நாங்கதான்.

#16 தோவாளைக்காரன்

தம்பி, அந்த ஸ்பீக்கர் கறுப்பு மட்டுந்தான் வருதா, மரக் கலரும் உண்டா? சும்மா கேக்கேன்.

#17 மார்த்தாண்டத்து மருமகன்

தோவாளை அண்ணே, மரக் கலரும் உண்டு, ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் வந்தா கேட்டுட்டே போலாம்.

அண்ணாச்சி, கேசட்டு மேல பேனாவுல எழுதியிருந்தது அழிஞ்சுபோச்சு, '87'ன்னு மட்டும் தெரியுது. ஆனா பாட்டு தொடங்க முன்ன ஒரு ஆளு "லேய், அந்தக் குழாயை மேக்க பாத்து திருப்பு"ன்னு சத்தம் போடுறது பதிஞ்சிருக்கு. மாமா சந்தைக்குப் போயிருக்காரு. வந்ததும் ஊரு பேரு கேட்டு எழுதுகேன்.